கேட்டா படிச்ச கணக்கா?

கணக்கு நோட்டு, ஓசூர்

வணக்கம்ங்க. டிசம்பர் வந்தாச்சு, வழக்கம்போல நம்ம புக் குரூப்புல யாரு எத்தன புக் படிச்சீங்கன்னு நோட்டுல ஏத்தணும். போன ஞாயித்துக்கெழம தர்மபுரியில உக்காந்து பேசுனப்ப ஒரு விஷயம் பாதியிலயே நின்னுபோச்சு, அத இங்க முடிக்கணும்னுதான் எழுதுறேன். தொப்பூர் அண்ணன் இந்த வருஷம் 23 புக்னு சொன்னாரு, அதுல 17 லாரி ஓட்டிக்கிட்டே காதுல கேட்டது. பாலக்கோடு டீச்சர் "கேட்டத படிச்சதுல சேக்க முடியாதுங்க, 6னு எழுதுங்க"ன்னுட்டாங்க. அண்ணன் முகம் சுண்டிப்போச்சு. டீயக்கூட முடிக்காம லோடு ஏத்தணும்னு கெளம்பிட்டாரு. எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க, ரெண்டு பேருமே புக்குன்னா உசுர விடுறவங்க. பேசி ஒரு முடிவு சொல்லுங்க, அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல நான் ஒண்ணும் எழுதல.

பாலக்கோடு டீச்சர்

அண்ணன் மனசு நொந்துதுன்னா அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கிறேன், ஆனா சொன்ன விஷயத்த மாத்திக்க மாட்டேன். நான் ஏன் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னு சொல்றேன். ஒம்பதாவது பசங்களுக்கு தமிழ் எடுக்குறேன். பாடத்த படிச்சிட்டு வாங்கன்னு சொன்னா போன்ல யாரோ அந்தப் பாடத்த விளக்குற வீடியோவ ஓடவிட்டுட்டு "படிச்சிட்டேன் டீச்சர்"னு வந்து நிக்குறாங்க, பொய் சொல்லல அவங்க, நெஜமாவே படிச்சிட்டதா நம்புறாங்க, ஆனா நாலு வரி கேள்விய கையில குடுத்தா மூணாவது வரிக்கு வரும்போது மொத வரி என்ன சொன்னுச்சுன்னு மறந்துடுது. கண்ணு வரிமேல நின்னு பழகல. படிக்கிறதுங்கறது நாம செய்யிற வேல. ஒரு வரி புரியலன்னா அங்கயே நிப்போம், மேல போவோம், பென்சில்ல கோடு போடுவோம், புக்க மூடி மடியில வெச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் வெளிய பாப்போம். கேக்கும்போது அந்த வேலைய வேற ஒருத்தர் செஞ்சிடுறாரு. எங்க நிறுத்தணும், எந்த சொல்ல அழுத்தணும், எந்த இடத்துல கொரல் கம்மணும், எல்லாத்தயும் அவரே முடிவு பண்ணிடுறாரு. வள்ளுவர் கல்வி அதிகாரத்துல கண்ணுடையர் என்பவர் கற்றோர்னுதான சொல்லி வெச்சாரு, மத்தவங்களுக்கு முகத்துல இருக்கறது ரெண்டு புண்ணுன்னாரு. கண்ணுக்கும் படிப்புக்கும் உள்ள ஒறவு அப்படிப்பட்டது.

தொப்பூர் லாரி

டீச்சர் மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, நான் கோவிச்சிகினு போவல, ராயக்கோட்டையில தக்காளி லோடு நெஜமாவே நின்னுகினு இருந்துது. ஆனா வலிச்சுது, அத மறைக்க மாட்டேன்.

நான் எட்டாவதோட நின்னவன். பதினெட்டு வயசுல கிளீனரா ஏறுனேன், இப்ப நாப்பத்தாறு. எனக்கு கையில புக் எடுத்து உக்கார்ற நேரம்னா ஊருக்கு வந்தா கெடைக்கிற ரெண்டு நாளு, அதுலயும் வூட்டு வேல, கொல்லையில வேல, புள்ளைங்க. ஓசூர்ல ஏறுனா சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரின்னு தொப்பூர் வரைக்கும் எனக்கு ரெண்டரை மூணு மணி நேரம் ஆவும், அந்த நேரம் பூரா என் காதுக்கு வேல கெடையாது. முன்னாடி பாட்டு கேட்டேன், அப்புறம் அரசியல் பேச்சு, அப்புறம் நாலு வருஷமா கதைங்க, நாவலுங்க, யூடியூப்ல ஒருத்தரு சங்கப்பாட்டு படிச்சி பொருள் சொல்றது. இதனால எனக்குள்ள என்னா நடந்துதுன்னு எனக்குத் தெரியும். முன்னெல்லாம் ஒரு விபத்த பாத்தா எறங்கி உதவி பண்ணிட்டு ஏறிப்போயிடுவேன், இப்ப அந்த ஆளோட வூட்டுல யாரு இருப்பாங்க, காலையில என்னா சொல்லிட்டு கெளம்பியிருப்பாருன்னு நாள் பூரா மனசுல ஓடும். இத எனக்கு குடுத்தது அந்த 17தான், அந்த 6 இல்ல. அத கணக்குல இல்லன்னு சொன்னா நான் என்னத்த சொல்றது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், தொப்பூர் எறக்கத்துல நான் போன ஆஃப் பண்ணிடுவேன். அங்க எத்தன வண்டி கவுந்துருக்குன்னு என் கண்ணால பாத்துருக்கேன். கவனம் இல்லாம கேக்குறேன்னு யாரும் நெனைக்க வேணாம்.

பென்னாகரம் கூத்து

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். டீச்சர் "படிக்கிறது"ன்னா கண்ணு வேலன்னு சொல்றாங்க. எங்க ஊர்ல திரௌபதியம்மன் கோயில்ல பதினெட்டு நாள் பாரதம் வெச்சா என்னா சொல்றாங்கன்னு யோசிச்சிப் பாருங்க, "கோயில்ல பாரதம் படிக்கிறாங்க"ன்னுதான சொல்றாங்க. மதியத்துல ஒருத்தரு வில்லிபுத்தூரார் பாட்ட ராகம் போட்டு எடுப்பாரு, பிரசங்கியாரு அதுக்கு பொருள் விரிச்சி சொல்லுவாரு, ராத்திரி அதே கத கூத்தா வரும். அது படிப்பு. சாவு வூட்டுல ஒப்பாரி "படிக்கிறாங்க". வயக்காட்டுல பொம்பளைங்க பாட்டு "படிக்கிறாங்க". எங்க ஆயா பாட்டு பாடுனான்னு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல, பாட்டு படிச்சான்னுதான். சரி படிப்பு வேணாம், வாசிப்புன்னு சொல்லலாம்னா, நாதஸ்வரம் வாசிக்கிறாங்க, மத்தளம் வாசிக்கிறாங்க. நம்ம பாஷையில இதுக்கு இருக்குற ரெண்டு சொல்லுமே சத்தத்துல இருந்து வந்துதான் நிக்குது. சத்தம் இல்லாம தனியா உக்காந்து கண்ணால மேயறதுதான் பின்னாடி வந்த பழக்கம். எங்க ஆயாவுக்கு கைநாட்டுதான், ஆனா கர்ணன் ஏன் குந்திகிட்ட அந்த வாக்க குடுத்தான்னு கேட்டா அரமணி நேரம் பேசுவா, அதுவும் வருஷா வருஷம் வேற மாதிரி பேசுவா. அவள படிக்காதவன்னு சொல்ல என் வாய் வராது.

பாலக்கோடு டீச்சர்

தம்பி, அருமையான வாதம், ராத்திரி பூரா யோசிச்சேன். ஆனா அதுலயே என் பதிலும் இருக்குது. நாதஸ்வரம் வாசிச்சது யாரு? ஊதுனவரு. பந்தல்ல உக்காந்து கேட்டவங்கள "வாசிச்சாங்க"ன்னு யாராச்சும் சொல்லுவமா? பாரதம் படிச்சவரு அந்தப் பாட்ட எடுத்தவரு. ஒப்பாரி படிச்சது அழுதவ. கூட உக்காந்திருந்தவங்க கேட்டவங்க. சத்தம்தான் படிப்புன்னா சத்தம் போட்டவங்கதான் படிச்சவங்க, தொப்பூர் அண்ணன் கேட்ட 17 புக்க படிச்சது ஸ்டுடியோவுல மைக் முன்னாடி உக்காந்த அந்த ஆளு. அண்ணன் கேட்டாரு. கேட்டது கொறச்சல்னு நான் சொல்லவே இல்லயே, அதுக்கு வள்ளுவர் தனியா ஒரு அதிகாரமே வெச்சி செவிச்செல்வம்தான் செல்வத்துலயே செல்வம்னு சொல்லிட்டாரு. கல்விக்கு ஒரு அதிகாரம், கேள்விக்கு ஒரு அதிகாரம். ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு?

அரூர் தமிழ்

டீச்சர் பிரிச்சது சரிதான், ஆனா பழைய ஆளுங்க அப்படி பிரிக்கல. ஒருத்தர்கிட்ட இலக்கணம் கத்துக்கிட்டா "அவர்கிட்ட பாடம் கேட்டேன்"னுதான சொல்றோம். நன்னூல் படிச்சவங்களுக்குத் தெரியும், சீயகங்கன் கேட்டுக்கிட்டதால பவணந்தி முனிவர் செஞ்ச நூலு, அதுல மாணவன் எப்படி கத்துக்கணும்னு சொல்லும்போது காது வாயாகவும் நெஞ்சு அத வாங்கிக்கிற எடமாவும் இருக்கணும்னு வருது. ஒரு தடவ கேட்டவன் ரெண்டாந்தடவையும் கேட்டா பிழை இருக்காது, மூணாந்தடவ கேட்டா முறையா எடுத்துச் சொல்லுவான்னு வருது. எங்கயும் கண்ணு வரல. ஏட்டுச்சுவடியில மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது, வாய்விட்டு படிச்சிப் பாத்தாதான் என்ன சொல்லுன்னே பிடிபடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாட்ட வாயால சொல்லுவாரு, பக்கத்துல ஏடும் எழுத்தாணியுமா உக்காந்த மாணவங்க எழுதிக்கிட்டே போவாங்க, உ.வே.சாவே அப்படி உக்காந்தவருதான். சொல்றதும் கேக்குறதும்தான் மொதல்ல, எழுத்து அதுக்கு வேலக்காரன்.

கிரேக்கத்துலயும் இதே சண்ட நடந்துருக்கு. பிளாட்டோவோட ஃபீட்ரஸ்னு ஒரு உரையாடல், அதுல சாக்ரடீஸ் ஒரு எகிப்து கத சொல்றாரு. தேவதை ஒண்ணு எழுத்த கண்டுபிடிச்சி ராஜாகிட்ட கொண்டுவந்து இது ஞாபகசக்திக்கு மருந்துன்னு சொல்லுது, ராஜா இல்ல, இது மறதியத்தான் குடுக்கும், மனுசங்க உள்ள தேடாம வெளிய இருக்குற குறிய நம்ப ஆரம்பிச்சிடுவாங்கன்னு சொல்றாரு. அப்புறம் சாக்ரடீஸ் சொல்றாரு, எழுத்து ஓவியம் மாதிரி, உசுரோட நிக்குற மாதிரி தெரியும், கேள்வி கேட்டா வாயத் தொறக்காது, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கும்.

பாலக்கோடு டீச்சர்

அப்ப ஆடியோ? அதுகிட்ட கேள்வி கேட்டா பதில் சொல்லுமா? அதுவும் சொன்னதையேதான சொல்லும்? பென்னாகரம் தம்பியோட ஆயா பிரசங்கியார பாத்து "ஏஞ்சாமி அது அப்படி"ன்னு எந்திரிச்சி கேக்கலாம், கூத்துல கட்டியக்காரன் சனங்க மொகத்த பாத்து பேச்ச மாத்துவான். ஆடியோ புக்கு எழுத்தோட ஊமத்தனத்தயும் வெச்சிருக்கு, பேச்சோட அவசரத்தயும் வெச்சிருக்கு. புத்தகத்துலயாவது நான் நிக்கலாம். நீங்க கூத்துக்கு கெடைக்கிற மரியாதைய எடுத்து ஆடியோவுக்கு குடுத்துட்டீங்க.

அப்புறம் நன்னூல நானும் படிச்சிருக்கேன் அரூர் சார். அதே எடத்துல அடுத்து வர்ற வரிய ஏன் விட்டுட்டீங்க? ஆசான் சொன்னத எவ்ளோ நல்லா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குக்கு மேல ஏறாது, கூடப் படிக்கிறவங்களோட பழகி பேசுனா இன்னொரு கால், பிறத்தியாருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்ச அரை. கேட்டது மட்டும்னா கால்தான்னு பவணந்தியே சொல்லிட்டாரு.

தொப்பூர் லாரி

டீச்சர் இது எனக்கு புதுசு, நல்லாருக்குது. ஆனா இதுல நான் தோக்கலயே. என் வண்டியில கிளீனர் பையன் ஒருத்தன் இருக்கான், ஊத்தங்கர பக்கம், பத்தொம்பது வயசு. கத ஓடிகினு இருக்கும்போதே "அண்ணா நிறுத்துண்ணா, அந்தப் பொண்ணு ஏன் திரும்பி வந்துது"ம்பான். நிறுத்துவேன். அவன் ஒண்ணு சொல்லுவான் நான் ஒண்ணு சொல்லுவேன், சில நாளு சேலம் வரைக்கும் சண்ட ஓடும். அது ரெண்டாவது கால். ஞாயித்துக்கெழம வந்து உங்க எல்லாருக்கும் சொல்றேனே, அது அரை. முழுசு ஆயிடுச்சி.

கணக்கு நோட்டு, ஓசூர்

ஒரு நிமிஷம், இப்ப நான் 17னு எழுதறதா, 17ல காலா?

தினம் ஒண்ணு, கிருஷ்ணகிரி

நீங்கல்லாம் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிறீங்க. நான் இந்த வருஷம் 61, அத்தனையும் ஆடியோ. 1.75 வேகத்துல வெச்சா ஒரு நாவல் நாலு மணி நேரத்துல முடிஞ்சிடும், பழகிட்டா 2 வெச்சாலும் புரியும். விஷயம் உள்ள போனா போதும், எந்த வழியா போனா என்ன? அண்ணன் பக்கம்தான் நான்.

தொப்பூர் லாரி

தம்பி, என் பக்கம் நிக்கறதுக்கு சந்தோஷம், ஆனா நான் உன் பக்கம் இல்ல. புறநானூறுல அதியமான் செத்ததுக்கு ஔவையார் பாடுனது ஒண்ணு இருக்குது, 235. நம்ம ஊரு ராஜா, நம்ம தகடூரு, அதான் தர்மபுரியோட பழைய பேரு. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே"ன்னு ஆரம்பிக்கும். கொஞ்சமா கள்ளு கெடச்சா எங்களுக்கே குடுத்துடுவான், நெறைய கெடச்சா நாங்க பாட அவனும் சேந்து குடிப்பான், அப்படியே போவும். ஒவ்வொண்ணு முடியும்போதும் மன்னே, மன்னே, மன்னேன்னு வரும். மொத தடவ கேட்டப்ப எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியாது. ஆனா எங்க அம்மா செத்தப்ப எங்க அத்த படிச்ச ஒப்பாரியில இதே மாதிரிதான் ஒவ்வொரு அடி முடிவுலயும் ஒரே சொல்லு வந்து விழும். அதியமான்கோட்ட தாண்டி வண்டிய ஓரங்கட்டிட்டேன். அந்த எடத்துல அந்தப் பாட்டு. ஓட்ட முடியல. பதினஞ்சு செகண்டு பின்னாடி போற பட்டன எத்தன தடவ அமுக்கனன்னு ஞாபகம் இல்ல. அந்த ஒப்பாரிய நீ 1.75ல கேப்பியா?

பென்னாகரம் கூத்து

அண்ணா 🙏

அந்தப் பாட்டோட பின்பாதியும் கேட்டுருப்பீங்க. அவன் நெஞ்சுல பாஞ்ச வேல் அங்கயே நிக்கல, பாணர் ஏந்துன பாத்திரத்த தொளச்சி, கையேந்தி வந்தவங்க கையத் தொளச்சி, கடைசியில புலவரோட நாக்குல போயி விழுந்துதுன்னு சொல்றாங்க. நாவுல. ஏட்டுல விழுந்துதுன்னு சொல்லல. பாட்டு எங்க உசுரோட இருந்துதுன்னு ஔவையாருக்குத் தெரியும்.

பாலக்கோடு டீச்சர்

அந்த நாவுல இருந்தது உங்க காதுக்கு எப்படி வந்துது தம்பி? யாரோ எழுதி வெச்சதால. 1894ல உ.வே.சா அச்சுல கொண்டுவரலன்னா அந்த வேல் எங்க விழுந்துதுன்னு நமக்கென்ன தெரியும். அதே புறநானூறுல 267, 268 ரெண்டு பாட்டும் இல்ல, ஏட்டுல இல்ல அதனால நமக்கு இல்ல, எந்த நாக்கும் காப்பாத்தல. நம்ம ஊரு சண்டையப் பத்தியே தகடூர் யாத்திரைன்னு முழு நூலு இருந்துது, பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தத பத்தி. இன்னிக்கு புறத்திரட்டுல எடுத்து சேத்த பாட்டுங்க, உரைக்காரங்க மேற்கோள் காட்டுனது, அவ்ளோதான் மிச்சம். நம்ம மண்ணோட கத, நம்ம யாருக்கும் தெரியாது. எனக்கு அத நெனச்சா வயிறு எரியுது.

பென்னாகரம் கூத்து

அதுவும் எழுதி வெச்ச நூலுதான டீச்சர். எழுதியும் போச்சே. கரையான் தின்னுச்சோ வெள்ளம் போச்சோ. நாலு ஊர்ல வருஷா வருஷம் அத படிச்சிருந்தா போயிருக்காது, பாரதம் போவலயே.

எங்க வூட்டுக் கத ஒண்ணு சொல்றேன். எங்க தாத்தாவுக்கு வாத்தியாரா இருந்தவரு நீட்டு நோட்டுல கூத்து பூரா எழுதி வெச்சிருந்தாரு. அர்ச்சுனன் தபசு, கர்ணமோட்சம் எல்லாம். அவரு போயிட்டாரு. நோட்டு எங்ககிட்ட இருக்குது, எண்ண கற பட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சி, ஆனா எழுத்து நல்லா தெரியும். அதுல ஒரு விருத்தம் இருக்குது, மேல "பழைய மெட்டு"ன்னு மட்டும் எழுதியிருக்காரு. எந்தப் பழைய மெட்டு? தாத்தாவுக்கும் தெரியல, பக்கத்து கூத்து ஜமாவுல கேட்டோம், அவங்களுக்கும் தெரியல. வரி அத்தனையும் கையில இருக்குது, ஆடுறதுக்கு வழியில்ல. நோட்டு இருக்கு, பாட்டு போயிடுச்சி. எழுத்து காப்பாத்தும்னு சொல்றப்ப எனக்கு அந்த ரெண்டு சொல்லுதான் கண்ணுல வந்து நிக்குது.

பாலக்கோடு டீச்சர்

இதுக்கு எனக்கு ஒடனே பதில் வரல தம்பி. அந்த நோட்ட ஒரு தடவ பாக்கணும்.

விரல் வாசகன், கிருஷ்ணகிரி

ரெண்டு நாளா எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு இருக்கேன், போன் படிச்சிக் காட்டுது. எனக்குப் பொறவியிலயே பார்வ இல்ல. டிகிரி கடைசி வருஷம் படிக்கிறேன். டீச்சர் மொதல்ல ஒரு குறள் சொன்னீங்க, கண்ணுடையர்னு. நீங்க யாரையும் நெனச்சி சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துல அந்தக் குறள நடத்துன அன்னிக்கு கிளாஸ் பூரா என் பக்கம் திரும்புனது எனக்குத் தெரிஞ்சுது, பாக்காமயே தெரியும் அதெல்லாம்.

நான் ரெண்டு மாதிரியும் படிக்கிறவன், அதனால சொல்றேன். எனக்கு பிரெய்ல் தெரியும், ஆறு புள்ளி, எட்டு வயசுல கத்துக்கிட்டேன். ஆடியோவும் நெறைய கேக்குறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. காதுல கேக்கும்போது மனம், மணம் ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் விழுந்துது, படிக்கிறவங்க யாரும் பிரிச்சி சொல்றதில்ல. அறம்ங்கறதுல எந்த ர வரும்னு விரல் வெச்ச பிறகுதான் தெரிஞ்சுது. பத்தி எங்க முடியுது, கவிதையில வரி எங்க ஒடையுது, இது எதுவும் காதுக்கு வராது. பிரெய்ல்ல ஒரு வரி முடிஞ்சி விரல் அடுத்த வரிக்கு எறங்குது பாருங்க, அந்த எறக்கத்துல எனக்கு யோசிக்க ஒரு எடம் கெடைக்குது. டீச்சர் சொன்ன "நிக்கறது" அதுதான். எனக்கு அது விரல்ல நடக்குது.

அதனால கேக்குறது படிப்பே இல்லன்னு சொன்னீங்கன்னா என் பாதிப் படிப்பு போச்சு, ஏன்னா நான் கேட்ட புக்குல முக்காவாசி பிரெய்ல்ல கெடையாது. ஆனா கேக்குறதும் படிக்கிறதும் ஒண்ணுதான்னு சொன்னா எனக்கு அத விட பயம். ஆடியோதான் இருக்கே, பிரெய்ல் புக்கு எதுக்கு, எடம் அடைக்குது, செலவு ஆகுதுன்னு சொல்றவங்கள நான் பாத்துருக்கேன். ஒரு சின்ன நாவல் பிரெய்ல்ல நாலு தடிமனான புக்கா வரும். அத குடுக்காம இருக்கறதுக்கு ஒரு நல்ல சாக்கு இது. அதனால தயவுசெஞ்சி ரெண்டையும் ஒண்ணுன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. எங்க தம்பி தங்கச்சிங்க எழுத்து தெரியாம வளந்துடுவாங்க.

பாலக்கோடு டீச்சர்

தம்பி, அந்தக் குறள எடுத்துக்காட்டா சொன்னது என் தப்பு. பதினாறு வருஷமா அத நடத்துறேன், கிளாஸ்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு ஒரு தடவகூட யோசிச்சதில்ல. இனிமே யோசிப்பேன்.

நான் கண்ணுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். நிக்க முடியணும், திரும்ப முடியணும், சொல்லோட எழுத்துக்கூட்டு கைக்கு வரணும், அது கண்ணோ விரலோ. ஆனா அந்தக் கோட்ட விட்டு இன்னும் நான் வெளிய வரல.

தினம் ஒண்ணு, கிருஷ்ணகிரி

விரல் அண்ணா சொன்னது எனக்கு ஒறச்சிடுச்சி. 61ல எத்தனைய இப்ப எடுத்து சொல்ல முடியும்னு உக்காந்து எழுதிப் பாத்தேன். பேரு ஞாபகம் வர்றது 30க்குள்ள. அதுல கத ஞாபகம் இருக்கறது பாதி. கணக்கு நோட்டு அண்ணா, என் பேர்ல இப்ப ஒண்ணும் எழுதாதீங்க.

அரூர் தமிழ்

அந்த 235ல தொப்பூர் அண்ணன் ஒண்ணு சொன்னாரு, மன்னேக்கு அர்த்தம் தெரியாமலே அழுதேன்னு. அத விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. தொல்காப்பியத்துல மன்னுங்கற இடைச்சொல்லுக்கு மூணு பொருள் சொல்லியிருக்கு, கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவுன்னா போயிடுச்சி, இனிமே இல்லன்னு அர்த்தம். அந்தக் கழிவுக்கு உரைக்காரங்க எடுத்துக்காட்டு குடுக்குறதே "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே"ங்கற இந்த வரியத்தான். அதாவது, எங்களுக்கே குடுப்பான், அதெல்லாம் போச்சே. நரந்தம்பூ வாசம் வீசுற கையால புலால் நாத்தம் அடிக்கிற என் தலைய தடவிக் குடுப்பான், போச்சே. ஔவையார் எங்கயுமே செத்துட்டான்னு மொதல்ல சொல்லல, அந்தச் சின்ன சொல்ல வெச்சே சொல்லிடுறாங்க. அண்ணன் காதுக்கு அந்த அழுகை மொதல்லயே கேட்டுடுச்சி, எனக்கு இலக்கணம் படிச்ச பிறகுதான் கேட்டுது. யாரு மொதல்ல அந்தப் பாட்டுக்குள்ள போனதுன்னு என்னால சொல்ல முடியல.

பாலக்கோடு டீச்சர்

இன்னிக்கு ஒம்பதாவதுல ஒண்ணு பண்ணேன். அந்தப் பாட்ட போர்டுல எழுதல, புக்குலயும் பாக்க விடல. நானே ரெண்டு தடவ வாய்விட்டுப் படிச்சேன், அர்த்தம் சொல்லாம. கடைசி பெஞ்சு பையன் ஒருத்தன், எப்பவும் வாயத் தொறக்காதவன், "டீச்சர் இது சாவுக்கு அழுவுறதா"ன்னு கேட்டான். எப்படிடா தெரிஞ்சுதுன்னேன். "எங்க பெரியம்மா இப்படித்தான் அழுதாங்க"ன்னான். அப்புறம்தான் போர்டுல எழுதினேன். எழுதுனதும் அவனே எந்திரிச்சி வந்து ஒவ்வொரு மன்னேக்கும் கீழ கோடு போட்டான். நான் சொல்லல, அவனா வந்தான். ஏழு இருக்குது.

நோட்டுல அண்ணன் பேருக்கு நேரா என்ன எழுதணுமோ அத அண்ணனே சொல்லட்டும். நான் மறுக்க மாட்டேன்.

கணக்கு நோட்டு, ஓசூர்

அண்ணா, லைன்ல இருக்கீங்களா? எத்தனன்னு போடட்டும்?

தொப்பூர் லாரி

இப்பதான் பாளையம் டோல் தாண்டி டீக்கு நிறுத்துனேன். டீச்சர், அந்த போர்ட போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? ஏழுன்னு சொல்றீங்க. எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்னு நெனச்சிகினு இருந்தேன், இப்ப கிளீனர் பையன்கிட்ட சொல்லிக் காட்டுனா ஆறுதான் வருது. ரெண்டு தடவ விரல் விட்டு எண்ணியாச்சி, ஆறுதான். ஏதோ ஒரு மன்னே என் காதுல விழாம போயிருக்குது. எதுன்னு பாக்கணும். அத பாத்துட்டு நோட்டுக்கு சொல்றேன்.